பாலா விழுந்த இரவு

போன தை மாதம், விடியற்காலை,
டீக்கடை ரண்தீர் சொன்னான்: "ராத் கோ பாலா கிர் கயா."
பாலா விழுந்துவிட்டான் என்று புரிந்தது எனக்கு.
எனக்குத் தெரிந்த பாலா ஒருத்தன்தான்,
மதன்கீரில் பெயிண்ட் அடிக்கிறவன்.
சாரத்திலிருந்தா, மாடியிலிருந்தா,
உயிர் இருக்கா என்று பதறிக் கேட்டேன்.
ரண்தீர் சிரித்தான். கடுகு வயலைக் காட்டினான்.
உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது மஞ்சளெல்லாம்.
உறைபனிக்கு இந்தியில் அதுதான் பெயராம்.

விழுந்தவன் எங்கள் பம்ப்பின் மேலும் விழுந்திருந்தான்.
பித்தளைத் தலையில் மயிரிழை விரிசல்.
சுவிட்சைப் போட்டதும் பக்கவாட்டில் பீச்சி
என் புடவையை நனைத்தது.
ஒன்பதாயிரத்து நானூறு.
"டெல்லியில தண்ணி உறையாது" என்று
அடித்துச் சொன்ன மெக்கானிக்தான்
எச்சில் தொட்டு எண்ணி வாங்கிக்கொண்டான்.

நஜஃப்கட் ரோட்டோரம், தகரக் கூரைக்குக் கீழே
நானும் சிங்காரமும் நடத்துகிறோம் வாட்டர் சர்வீஸ்.
பில் அவர் கையில், துப்பாக்கி என் கையில்.
இப்போதெல்லாம் மூடும் முன் குழாயை அடைத்து
விசையை அழுத்திப் பிடிப்பேன்.
பீறிடும், பிறகு சொட்டும், பிறகு
காசநோய்க்காரன் மாதிரி இருமும்.
இருமல் ஓயும்வரை விடக் கூடாது.
ஹோஸைத் தோளில் போட்டு, தூக்கித் தூக்கி நடந்தால்
வயிற்றில் தங்கினதும் வந்துவிடும்.
கடைசியாகக் கூலன்ட்,
லாரி ரேடியேட்டருக்கு ஊற்றுகிற அதே பச்சை.
குடிக்க வைத்து, வாயோரம் பச்சை கண்டதும் நிறுத்துவேன்.
"பிள்ளைக்குக் கிரைப் வாட்டர் குடுக்கிறாப்ல" என்பார் சிங்காரம்.
லிட்டர் முந்நூறு. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

குளிரில் நாங்கள் நாலு பேரும் சுருண்டுகொள்கிறோம்.
முழங்கால் மோவாயைத் தொடும்.
பத்துக்கு எட்டு அறை அப்போதுதான் போதும் எங்களுக்கு.
தண்ணீர் அப்படியில்லை.
குளிர் ஏறினால்தான் அதற்குக் கை கால் நீட்டத் தோன்றும்.
இடமில்லையென்றால் பித்தளையைப் பிளக்கும்.
பொறாமையாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பதினொன்றரைக்கு மூடுபனியில்
முதலில் நீலம் சுழன்றது, பிறகுதான் வண்டி தெரிந்தது.
ஆம்புலன்ஸ். டிரைவருக்கு இருபது வயசு இருக்கலாம்.
உள்ளே மட்டும் அடித்துக் கொடுங்கள்,
அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்றான்.
பச்சை குடித்துத் தூங்கிவிட்டது பம்ப்.
கேனில் இனி ஒரு சொட்டு இல்லை.
சிங்காரம் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.
நான் அகல நாசிலை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து,
மோட்டாரைப் போட்டேன்.
என்ன நடந்தது என்று கேட்கவில்லை.
வாசலில் ஓடியது கொஞ்ச நேரம் தண்ணீர் நிறத்தில் இல்லை.
ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் சிக்கியிருந்தது
ஒற்றைக் கம்பளிக் கையுறை,
கட்டைவிரலில் வேறு நூலால் ஒட்டுப் போட்டது.
அலசிப் பிழிந்து ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்தேன்.
இருநூறு கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

மறுபடி இருமல். மறுபடி ஹோஸ், தோள்.
பச்சை இல்லாததால் பம்ப்பைக் கழற்றி
ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறைக்குள் தூக்கினோம்.
பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் அதற்கு இடம்,
கம்பளியின் ஒரு ஓரம்.
"எண்ணெய் நாத்தம்" என்று முனகிய பெரியவன்
இன்னும் கொஞ்சம் காலை மடக்கிக்கொண்டான்.

விடிந்ததும்தான் உறைத்தது: துப்பாக்கி வெளியே.
ஆணியில் தொங்கியது, வெள்ளை மீசை முளைத்து.
விசை அசையவில்லை.
வெந்நீர் ஊற்றலாமா என்றார்.
வெடிச்சுத் தொலைச்சா? என்றேன்.
ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு
ரண்தீர் கடையில் போய் நின்றேன்.
உள்ளே என்ன என்று கேட்டான்.
"பாலா" என்றேன்.

இரண்டாவது டீ பாதியில்
விலா வழியே இறங்கியது ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.
விரலை உள்ளே விட்டு விசையைத் தொட்டேன்.
கொஞ்சம் கொடுத்தது.