எட்டாவது மூடி

கல்யாணம் நின்ற செய்தி
மாட்டுத்தாவணிக்கு விடிகாலை நாலரைக்கு வந்தது.
லாரி அதற்கு முன்பே வந்திருந்தது.

ஓசூரிலிருந்து ஆறு பெட்டி குடைமிளகாய்,
பாதி சிவப்பு, பாதி மஞ்சள்.
சமையல் காண்ட்ராக்டர் பூச்சியப்பன்
போனிலேயே கையை விரித்துவிட்டார்:
"பொண்ணு மாட்டேன்னுருச்சாம்.
இத வச்சு நான் என்னத்தப் பண்ண?"

கத்திரிக்காய்க்கு வந்தவர்கள்
ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து
உள்ளே காத்துத்தானே என்று
திரும்ப வைத்தார்கள்.
மதியம், கணக்கு எழுதும் எனக்கு
சம்பள பாக்கியில் நூறு கழித்துக்கொண்டு
நாலு கிலோவைத் தலையில் கட்டினார் முதலாளி.

கூடல்நகர் வீட்டில்
அடுப்புத் தீயில் நேரே வைத்துச் சுட்டேன்.
தோல் கறுத்துக் கொப்புளித்து
ஈரத்துணிக்குள் வியர்த்து
விரலோடு உரிந்து வந்தது.
காரத்துக்குப் பழகிய கை
கண்ணுக்கு எட்டாமல்
தானாகவே தள்ளி நின்றது.
ஒன்றுமில்லை. இனிப்பு.
மிளகாய் என்று பெயரை வைத்துக்கொண்டு
இத்தனை சாது.

காபித்தூள் பாட்டில் மூன்று, தேன் பாட்டில் ஒன்று,
மருந்துக்கடை மெஹராஜ் கொடுத்தது நாலு.
மூடி மட்டும் புதுசு.
வினிகர், உப்பு, சீனி, நாலைந்து மிளகு,
கழுத்துக்குக் கீழே ஒரு விரல் இடம்.
அண்டாவின் அடியில் பழைய லுங்கியை மடித்துப் போட்டு
எட்டையும் நிற்கவைத்தேன்.

டெப்போவிலிருந்து வந்த இருளாண்டி
வாசலிலேயே தும்மினார்.
"பேட்டரிக்கு ஊத்துற வாடையில்ல அடிக்குது?"

இறக்கித் துண்டின் மேல் வைத்தபின்
என் கையில் எதுவும் இல்லை.
சூடு ஆற ஆற
மூடியின் நடு உள்வாங்கி
டொக் என்று ஒரு சத்தம் வரவேண்டும்.
ஒன்று.
வெகுநேரம் கழித்து இரண்டு.
சரக்கு ரயில் போனது. அந்த நடுக்கத்தில்
மூன்றா நாலா என்று எண்ணிக்கை தவறிப்போய்
விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன்.
ஏழு இறுகியிருந்தன.
எட்டாவது
அழுத்தினால் இறங்கியது,
விட்டால் எழுந்தது.

"இன்னொருக்கா வேக வையேன்."
"வேணாம். குழைஞ்சிரும்."

திறந்து, தோசைக்குத் தொட்டுக்கொண்டோம்.
முக்கால் பாட்டில் காலி.
எண்ணெயில்லாமலே விரல் மினுமினுத்தது.
"யாரு அந்தப் பொண்ணு?"
தெரியாது.
என் நோட்டில் மண்டபத்தின் பெயர்தான் இருந்தது,
மேலே குறுக்கே ஒரு கோடு.

மற்ற ஏழிலும் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதினேன்.
மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்ததால்
மறுநாள் தேதி.
கடைசிப் பாட்டிலில்தான் உறைத்தது,
பத்திரிகையில் அடித்திருப்பார்களே,
அதே தேதி.

அழிக்கவில்லை.
வெயில் படாத அலமாரிக்குள் தள்ளி வைத்தேன்.
அண்டாத் தண்ணீர் இன்னும் ஆறவில்லை.
வீணாக்காமல்
அதிலேயே பாத்திரம் கழுவினேன்.