பழுத்த இரும்பு

டிசம்பரில் ரௌமா துறைமுகம்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
கடையடைக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தான் தனேலி,
பூட்ஸில் பனியும்
கோட்டுப் பையில் முழநீளத் தகடுமாய்.

கண்ணாடி வேண்டும் என்றான்.
எந்த எண் என்றேன்.
"எண்ணில் தகராறில்லை. நிறத்தில்தான்."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்,
சிரிக்கிறேனா என்று.

பன்னிரண்டு வருடமாய் இந்தக் கவுன்டரில் நிற்கிறேன்.
ஒற்றைக் கண்ணர், கை நடுங்குபவர், காது மந்தமானவர்
எல்லோருக்கும் ஏதோவொன்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
சிவப்பு தெரியாதவன் இவன்தான் முதல்.
அல்லது,
சொன்னவன் இவன்தான் முதல்.

பின்னால் ஷெட்டில் ஒரு மெஷின் உண்டு,
வாங்க வருபவர் பொறி தட்டிப் பார்க்க.
பழைய பச்சைக் கண்ணாடியை முதலில் மாட்டினேன்.
பத்தாம் எண். மலிவு.
ஒரு விரற்கடை ஓட்டிவிட்டு நிறுத்தினான்:
"உருகினதும் கசடும் ஒரே கஞ்சி."
எனக்கும் அதில் வேறெதுவும் தெரிந்ததில்லை.
உலகமே பச்சை என்று சாதிக்கும்
பச்சைப் பொய் அது.

பொன்முலாம் பூசியது அடுத்து.
உதட்டைப் பிதுக்கினான்.
விலையுயர்ந்ததன் பெட்டியில்
'உள்ளது உள்ளபடி நிறம்' என்று அச்சிட்டிருந்தது.
"யாருடைய உள்ளபடி?" என்றான்.
எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

பிறந்தநாளுக்குத் தங்கை ஒன்று வாங்கித் தந்தாளாம்,
மாட்டியதும் வண்ணம் தெரிந்து எல்லோரும் அழுகிற கண்ணாடி.
இவன் அழவில்லை.
பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி
கொஞ்சம் கோபமாய்த் தெரிந்தது, அவ்வளவுதான்.
அதைக் கவசத்துக்குள் போடலாமா என்று கேட்டான்.
கூடாது என்றேன்.
அது வெளிச்சத்தைத்தான் தின்னும், கண்ணைக் காக்காது.
காப்பது எண்.
அகச்சிவப்பு என்று பேர்தான்,
அந்தச் சிவப்பை எவர் கண்ணும் கண்டதில்லை.
அங்கே நீயும் நானும் ஒன்று.

கடைசியாக, நடு விலையில் ஒன்று.
லேசாய் நீலம் பாய்ந்தது, தானே இருளும்.
பதினொன்றில் திருகி வைத்துக் குனிந்தான்.
இந்த முறை நிறுத்தவில்லை.
நாய் நாக்கைப்போல உருகு முனை முன்னே நக்கிப் போக
பின்னால் மடிப்பு மடிப்பாய் உறைந்தது.
கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது:
"எனக்கு நிறம் வேண்டாம்.
விளிம்பு வேண்டும்.
இதில் இருக்கிறது விளிம்பு."

காசு எண்ணும்போது இடக்கை தெரிந்தது.
உள்ளங்கையில் ஒரு வழவழப்பு, ரேகையே இல்லாமல்.
கவசத்தைத் தூக்கியதும் தொட்டுவிட்டானாம், நான்கு வருடம் முன்.
எதிரே நின்றவன் கத்தினானாம்.
இவனுக்கு இரும்பு இரும்பாகத்தான் இருந்தது.
நீறு பூத்த நெருப்பு என்பார்கள்,
இவனுக்கு நீறுகூடத் தேவையில்லை.

சின்ன வயதில் காட்டுக்குப் புவோலுக்கா பறிக்கப் போனால்
இவன் வாளியில் பாதியும் காய்தானாம்.
பழுத்தது எது என்று
பிதுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.
பழுக்கக் காய்ச்சிய இரும்பைப்
பிதுக்கிப் பார்க்க முடியாதே.

சூடு காட்டும் சாக்குக்கட்டி ஒன்றை எடுத்து வைத்தேன்.
தகட்டில் கிழித்துப் பார், உருகினால் தொடாதே.
"இதன் நிறம் என்ன?"
"சிவப்பு."
"ம்" என்று பையில் போட்டுக்கொண்டான்.
அதைப் பில்லில் சேர்க்கவில்லை.
மாதக் கணக்கில் ஒன்று குறையும், குறையட்டும்.

பஸ் வந்துவிட்டது, ஓடினான்.
தகட்டை மறந்துவிட்டான்.

ஷெட் விளக்கை அணைத்துவிட்டு நின்றேன்.
கடைசியாய் ஓட்டிய இடத்தில் ஒரு சிவப்பு,
மங்கிக்கொண்டே.
எப்போது போனது என்று தெரியவில்லை,
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
கறுத்துக் கிடந்தது, சாதுவாய்.
எடுத்து வைக்கலாமென்று கையை நீட்டி
இழுத்துக்கொண்டு
வாசற்படிப் பனியில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டேன்.

சீறியது.