உள்ளூரில் ஆள் இல்லை

இரண்டு நாடுகளின் ஒப்பந்தம்
தலையணை கனத்துக்கு இருந்தது.
எங்கள் ஆலைக்கு வேண்டியது அதில் ஒரு பத்தி:
இயந்திரம் விற்றவர்கள்
இயந்திரத்தோடு ஆளும் அனுப்பலாம்,
பொருத்தலாம், பழுது பார்க்கலாம், மூன்று மாதம்.
மேலும் தங்கினால்
ஏன் என்று முதலாளி எழுத வேண்டும்.
முதலாளி எழுதுவதில்லை.
நான் எழுதுகிறேன்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில்
பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தும் இடம் எங்கள் ஆலை.
மரவள்ளி புளித்த தண்ணீர்.
எட்டு வருஷத்தில் எனக்கு அது நாறுவது நின்றுபோனது.
வந்திறங்கிய அன்று பேக் சங் ஹோ
கைக்குட்டையை எடுத்தார்,
எங்கள் முகங்களைப் பார்த்தார்,
திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

லோடு ஏற்றும் பையன்களுக்கு அவர் பேக் சார்.
எந்நேரமும் தோளில் ஒரு பை தொங்கியதால்
அது காரணப்பெயர் என்று நம்பியவர்களும் உண்டு.

நீட்டிப்பு விண்ணப்பம், கேள்வி பதினேழு:
இவ்வேலைக்குத் தகுதியானவர் இந்தியாவில் கிடைக்காதது ஏன்?
அடித்தேன்.
இவ்வகை இயந்திரத்தைச் சீராக்க
உள்ளூரில் ஆள் இல்லை.
முற்றுப்புள்ளி வைக்கும்போது
கதவைத் தட்டாமல் பச்சியண்ணன் உள்ளே வந்தான்,
கை நிறைய கிரீஸ்,
பேரிங் வாங்க வவுச்சரில் கையெழுத்து வேண்டுமாம்.
“என்னக்கா அடிக்கிறீங்க?”
“சும்மா, ஒரு லெட்டர்.”

தை பிறக்க ஒரு வாரம் இருந்தது.
களத்தில் முப்பது டன் கிழங்கு,
ராத்திரி பதினோரு மணிக்கு இயந்திரம் நின்றது.
கிழங்குக்குப் பொறுமை கிடையாது,
இரண்டு நாளில் உள்ளே கறுத்துவிடும்.
பேக் சார் லேப்டாப்பைத் திறந்து
அவர் ஊரை எழுப்பினார்.
பச்சியண்ணன் ஸ்குரூ டிரைவரின் முனையை
இரும்பில் ஊன்றிப்
பிடியில் காது வைத்து
கையால் சுற்றச் சொல்லிக் கேட்டான்,
சளி பிடித்த குழந்தையின் நெஞ்சைக் கேட்பதுபோல.
“மேல் பேரிங் இல்ல சார். கீழ.”
‘கீழ’ அவருக்குப் புரியவில்லை.
விரல் புரிந்தது.
லேப்டாப்பை மூடிவிட்டுச்
சட்டைக் கையை மடித்தார்.

சேர்வராயன் மேல் வெளுக்கும்போது
மாவுப்பால் மறுபடி ஓடியது.
அறிக்கையில், பணி முடித்தவர் என்ற இடத்தில்
ஒரு பெயருக்குத்தான் கோடு இருந்தது.
பேக் சார் பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
நான் அந்தக் கோட்டையே காட்டினேன்.

நான் அடித்தது பொய்யா என்றால், இல்லை.
பச்சியண்ணன் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன்.
அவன் ஆள்தான், தகுதி அல்ல.
ஆனால் தகுதியானவர் என்ற சொல்லை விட்டுவிட்டு
நான்தான் ஆள் இல்லை என்று அடித்தேன்.
இடம் போதவில்லை.

என் தங்கை மேகலா
இதேபோல வேறொரு ஒப்பந்தத்தின் வேறொரு பத்தியில்
விமானம் ஏறிப்போன நர்ஸ்.
அவளுக்காகவும் பனி விழும் ஊரில்
மேசைக்குப் பின்னால் ஒருத்தி
இதே வரியை அடித்திருப்பாள்.
போனில் கேட்டேன்,
அங்கே நிஜமாகவே ஆள் இல்லையா என்று.
“ஆளு இருக்குக்கா.
ராத்திரிக்கு வர்ற ஆளுதான் இல்ல.”
சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.
அங்கே அப்போது ராத்திரி.

மாசியில் அனுமதி வந்தது.
எஸ்.பி. ஆபீசில் பதிவு செய்ய
நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.
பச்சியண்ணன் எட்டிப் பார்த்தான்.
“இன்னும் எத்தனை மாசம் இருப்பாரு?”
“ஒன்பது.”
விரல்விட்டு எண்ணினான்.
“நல்லதாப் போச்சு.
மேல் பேரிங்கும் ஆடியோட போயிரும்க்கா.”