குடத்துள் விளக்கு

தாலின் நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே வெயில் கடையைக் கட்டிவிடும்.
கீழ்த்தளத்து ஆய்வறையில் மாரிகா
மரமஞ்சளின் பெர்பெரினைத் தண்ணீரில் கரைக்கிறாள்.
வெளிர்மஞ்சள்.
புற ஊதாக் கதிர் பட்டும் ஒரு சொல் பேசாது.

வாங்கிய ஒளியைத் திருப்பித் தருவதற்குள்
தண்ணீர் வந்து முட்டும்,
உலுக்கும், பிடுங்கும்.
சந்தை நெரிசலில் போன காசு.
எங்கே என்று தேடினால்
தண்ணீர் துளியூண்டு சூடாகியிருக்கும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் இந்தப் பூசணி.
பூசணியேதான், பெயரிலும் வடிவிலும்:
ஏழு துண்டுகளை வளைத்துக் கோத்த மூலக்கூறு,
மேலும் கீழும் வாய் திறந்து,
நடுவில் ஒருவர் மட்டும் உட்கார இடம்.
வெண்பொடியை நிறுத்தாள், போட்டாள், கலக்கினாள்.
அறை விளக்கை அணைத்தாள்.

ஒன்றுமில்லை.
லேசாய் மினுங்கியது
இருட்டுக்குக் கண் பழகியதாலோ என்னவோ.

நாலு நாள் இதே கதை.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.
பூசணிக்குள் ஒரு பருக்கை போக மறுப்பதை
இங்கேதான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள், கருவி பழுது பார்க்க வந்த ரைகோ
கம்பு ரொட்டியை மென்றபடி
அவள் குறிப்பேட்டைப் புரட்டிக் கேட்டான்:
"எந்தத் தண்ணீர்?"
தாங்கல் கரைசல். அதில் சோடியம், அள்ளி அள்ளி.
மாரிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.
இரண்டு வாசலிலும் சோடியம் குந்தியிருக்கிறது.
விருந்தாளி வெளியே, நனைந்தபடி.
"நம் கடலில்கூட இவ்வளவு உப்பில்லை" என்றான் ரைகோ.

வெறும் தண்ணீர். அதே சாயம். அதே பூசணி.
கதவைச் சாத்தினாள்.

பச்சை கலந்த மஞ்சள்
குப்பியின் அடிவரை நின்று எரிந்தது.
யாரும் ஒளியைக் கூட்டிக் கொடுக்கவில்லை.
பிடுங்க ஆளில்லை, அதனால் மிஞ்சியது.
சில நானோநொடி தனியே விட்டதற்கு
இத்தனை வெளிச்சம்.

திறமை வெளியே தெரியாதவரைக்
குடத்துள் வைத்த விளக்கு என்பார்கள்.
சொன்னவர் எந்தக் குடத்தைப் பார்த்தாரோ.

எல்லாச் சாயமும் இப்படியில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.
சில, உள்ளே போனதும் அவிந்துவிடும்.
பெரிய பூசணியில் இரண்டு பேர் ஒட்டி நெருங்கினால்
சில சமயம் இரண்டுமே இருளும்.
மாரிகாவின் அலமாரியில் அவற்றுக்கும் ஒரு தட்டு உண்டு.

மணி ஆறு. கடைசி அளவீடு பாக்கி:
அடமன்டைல் அமீன், ஒரு சொட்டு.
பூசணிக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.
சாயத்தை நெட்டித் தள்ளிவிட்டு அது உட்காரும்,
திரையில் கோடு சரியும்,
கட்டுரைக்கு அந்தச் சரிவுதான் வேண்டும்.

சொட்டுக்குழாய் குப்பிக்கு மேலே நிற்கிறது.
பேருந்து போய்விடும் என்று
படியிலிருந்து ரைகோ கத்துகிறான்.
"இரு" என்கிறாள்,
"இன்னும் ஒரு நிமிஷம் எரியட்டும்."