ஊதா

ராயக்கோட்டை மண்டியில் விடியுமுன்
அப்பாவோடு தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டு
வகுப்புக்கு வருகிறவன் திம்மராஜ்.
அவன் கணக்கு நோட்டில்
என் சிவப்பைத் தேட வேண்டியிருக்கிறது.
எது நான் சுழித்தது,
எது பழம் கசிந்தது?

பச்சை தலைமையாசிரியருக்கு:
கையெழுத்துக்கும், லீவு மறுப்பதற்கும்.
நீலமும் கருப்பும் பிள்ளைகளுடையவை.
பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனரியில் மீந்திருந்தது
ஊதா ஒரு புட்டி,
மூடியெல்லாம் தூசி, விலை மட்டும் புதுசு.

"ரேஷன் கடை முத்திரை மாதிரி இருக்கு"
என்றார் புளோரா டீச்சர்.
இருந்தது.
பேனாவைக் கழுவக் கழுவக்
குழாயடியில் ஓடிக்கொண்டேயிருந்தது
எத்தனையோ வருடத்துச் சிவப்பு.

மண்டியில் கமிஷனைப் பைசா பிசகாமல் சொல்கிறவன்
லாப நட்டக் கணக்கில்
கமிஷனைக் கழிக்க மறந்திருந்தான்.
வட்டமிட்டேன்.

நோட்டை வாங்கியவன் நகரவில்லை.
"மிஸ், இது சரியா தப்பா?
கலரப் பாத்தா தெரியலியே."

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காரவில்லை.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
முதல் வரியிலிருந்து
தன் கணக்கைத் தானே
வாசிக்க ஆரம்பித்தான்.