வெற்றுச்சொல்

டிசம்பர். தாலினில் மூன்றரைக்கே இருட்டு.
வெண்பலகையில் ஹில்யே எழுதிய சமன்பாடு:
ம என்பது ஒன்று; இல்லையேல்
திறப்பு, ம, மூடல், பின்னும் ம.
உலகில் ஒழுங்காக மூடும் அடைப்புகள் எத்தனையோ
அத்தனையும் இந்த ஒரு வரிக்குள்.

நிரலை வாசிக்க அவள் மரம் வரைவதில்லை.
எழுத்தெழுத்தாக மொழியை வகையிடுகிறாள்:
முதலெழுத்தைக் கிள்ளி எறிந்தபின்
இனி என்னவெல்லாம் வரலாம் என்கிற
மிச்சமே அடுத்த மொழி.
உள்ளீடு தீர்ந்ததும் ஒரே கேள்வி,
மிச்சத்தில் வெற்றுச்சொல் உண்டா?

வெற்றுச்சொல் ஒன்று.
எதோடு பெருக்கினாலும் அதைக் கெடுக்காது.
ஒரு சொல்லும் இல்லாத மொழியோ சுழி.
தொட்டதையெல்லாம் விழுங்கும்.

நேற்றுவரை இரண்டையும் குழப்பியிருந்தாள்.
காலிக் கோப்பைக் கொடுத்தால்
பிழை, பிழை என்று கத்தியது பகுப்பி.

திருத்தி முடித்து மேலங்கியை மாட்டுகையில்
கைப்பேசி அதிர்ந்தது.
மே மாதத்திலிருந்து பேசாத அண்ணன், ரைவோ.
திறந்தாள். எழுத்து ஒன்றுமில்லை.
கை பட்டுப் போயிருக்கும்.

டிராம் போய்விட்டது.
ஒரு கை அங்கிக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக
நின்றபடியே பதில் தட்டினாள்:
வந்து சேர்ந்தது.