பதினேழாவது அசைவு

செவ்வாய்ப்பேட்டையில்
ஜவ்வரிசிக் கிடங்குக்கு மேலே எங்கள் பள்ளி.
பலகை எழுத வந்தவர்
குங்ஃபூ என்று எழுதி முடித்து
கடைசி எழுத்தை நம்பி
பக்கத்தில் ஒரு செம்பருத்தி வரைந்துவிட்டார்.
அழிக்கத் தனிக் காசு கேட்டார்.
பூ அப்படியே இருக்கிறது.

ஆசிரியர்கள் நான்கு பேர்.
அப்பா லோகநாதன்,
பெங்களூரில் ஐ.டி.ஐ. படித்த மூன்று வருடத்தில் கற்றவர்.
அம்மா இந்துமதி,
கல்யாணத்துக்குப் பிறகு
அவர் தவறுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள்.
பகலில் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதுகிறாள்.
விரல் நுனியில் ரேகை பாதிதான் மிச்சம்;
ரேஷன் கடை மெஷின் அவளை நம்புவதில்லை.
பூபதி சித்தப்பாவுக்கு இரவில் ஏ.டி.எம். காவல்,
பகலில் தூக்கம், நடுவில் டிரம்.
எட்டு வயதுக்குக் கீழே எல்லாம் என் வரிசை.

சொல்ல வந்தது அந்தப் பதினோரு நாள்.

அம்மாவின் சங்கிலியைக் கேட்காமல் எடுத்துப் போய்
அடகு வைத்து
முப்பது நீல ரப்பர் பாய்களோடு
மினி லாரியில் வந்து இறங்கினார் அப்பா.
விழுகிற பிள்ளைகளுக்கு எலும்பு முக்கியம் என்றார்.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து
ஒன்றுமே சொல்லவில்லை.

வீட்டில் குழம்புதான் பேசியது, உப்பில்லாமல்.
வகுப்பில் எண்ணிக்கை மட்டும்:
யீ, அர், சான், ஸ்ஸு.
ஒருத்தரை ஏசித் தீர்க்க
அந்தப் பத்துச் சீனச் சொற்களே போதும் என்று
அப்போதுதான் தெரிந்தது.
நாலை அவள் சொன்ன விதத்தில்
முன்வரிசைப் பையன் ஒருவன்
எதற்கென்று தெரியாமலே ‘சாரி மிஸ்’ என்றான்.

புதன்கிழமை இருவர் ஆட்டம்.
நாற்பத்திரண்டு அசைவுகள். அவர் தாக்க, அவள் தடுக்க.
யாருக்கு யார்மேல் கோபம் என்றாலும்
புதன் புதன்தான்.
கூட்டிப்போக வந்த அப்பாக்கள் சிலர்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றார்கள்.

பதினேழாவதில்
அவர் உள்ளங்கை அவள் தொண்டைக்கு வரும்.
மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி
விட்டுவிட வேண்டும்.
பிடித்தாள்.
திருப்பினாள்.
விடவில்லை.

டிரம் பதினெட்டுக்குப் போனது, பத்தொன்பதுக்குப் போனது,
தனியாக வந்துவிட்டது தெரிந்து நின்றது.
கீழே மூட்டை தைக்கும் மெஷின் மட்டும்
எதுவும் தெரியாமல் தைத்துக்கொண்டிருந்தது.
சங்கிலி இருந்த இடத்தில்
வியர்வை ஒரு வளைவாக இறங்கியது.
அப்பாவின் முகம்
அடகுச் சீட்டைப் போல நான்காக மடிந்திருந்தது.

“தோள் ஏறுது” என்றாள்.
“பதினோரு நாளா ஏறிக்கிட்டே இருக்கு.
மூச்சை விடுங்க.”

விட்டார்.
கிடங்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.
முப்பத்தொன்றில் அவர் விழ வேண்டிய இடம் எதுவுமில்லை,
ஆனாலும் கால் வந்தது,
ஆனாலும் விழுந்தார்.
நீலப் பாயில் சத்தமே எழவில்லை.
என் வரிசைக் குழந்தைகள்
அதுவும் பாடம்தான் என்று கை தட்டின.
நான் திருத்தவில்லை.

சங்கிலி இன்னும் மீளவில்லை.
தையில் மீட்டுவிடலாம் என்கிறார்,
எந்தத் தை என்று சொல்லாமல்.
அன்றிரவு நாலு தட்டுவடை செட் வாங்கி வந்தார்.
அம்மா தன் பங்கைத் தின்றாள்,
அவர் பங்கையும் தின்றாள்.

மறுநாள் மாடியைப் பூட்டும்போது
ஒரு பாயைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தாள்.
அப்பா படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்,
அவருக்குக் கேட்கும்படி:

“பாய் நல்ல பாய்தான்.
முப்பது எதுக்கு?
இருபது போதும்.”